மஞ்சள் சட்டைக்காரர்கள் கேட்டதும் கிடைத்ததும்: கேள்வி பதில்

பெங்களூரு ஹலசூரில் மாதம் ஒருமுறை கூடும் எங்கள் தமிழ் வாசகர் வட்டத்தில், மூத்த உறுப்பினர் ஒருவரிடம் உறுப்பினர்கள் கேள்வி எழுதிக் கொடுத்துப் பதில் பெறும் வழக்கம் உண்டு. இம்முறை பதிலளிப்பவர் கணக்குத் தணிக்கையாளர். 2003 முதல் 2015 வரை தாய்லாந்துத் தலைநகர் பாங்காக்கில் பணியாற்றிய அவர், பிரதமர் தக்சின் சினவத்ராவையும் பின்னர் அவருடைய தங்கையையும் எதிர்த்து அந்நகரின் நடுத்தர வர்க்கத்தினர் தெருவில் இறங்கிய ஆண்டுகளை உடனிருந்து பார்த்தவர்.

கேள்வி (இந்திரா நகர், மென்பொருள் பொறியாளர்): தக்சின் என்ற பெயரை மட்டும்தான் கேள்விப்பட்டிருக்கிறேன். அவர் யார்? அவரைக் கவர்ச்சி வாக்குறுதிகளின் அரசியல்வாதி என்று சொல்வது ஏன்?

பதில்: வடக்கே சியாங் மாய் பகுதியைச் சேர்ந்தவர். காவல்துறை அதிகாரியாக இருந்து, பிறகு தொலைத்தொடர்புத் தொழிலில் அரசு உரிமங்களைப் பெற்று நாட்டின் பெருஞ்செல்வர்களில் ஒருவரானார். 1998-இல் கட்சி தொடங்கினார். 2001 ஜனவரித் தேர்தலில் வென்று பிரதமரானார்.

அவர் கொடுத்த வாக்குறுதிகள் மூன்றே மூன்று வரிகளில் எழுதக்கூடியவை. எந்த நோய்க்கும் அரசு மருத்துவமனையில் 30 பாட் (தாய்லாந்து நாணயம்) கட்டணம், ஒவ்வொரு கிராமத்துக்கும் 10 லட்சம் பாட் சுழல்நிதி, விவசாயிகளின் கடனுக்கு மூன்றாண்டு அவகாசம். மதிய உணவுத் திட்டத்தையும் ரேஷன் அரிசியையும் பார்த்து வளர்ந்த நமக்கு இதில் வியப்பேதும் இல்லை. ஆனால் உள்ளூர்ப் பெருந்தனக்காரர்கள் சொல்லும் ஆளுக்கு வாக்களித்துப் பழகிய தாய்லாந்தில், ஒரு கட்சி இன்னின்னது செய்வோம் என்று எழுதிக் கொடுத்து, ஆட்சிக்கு வந்த ஓராண்டுக்குள் அவற்றைச் செய்யவும் தொடங்கியது புதுமையாக இருந்தது. 2005 தேர்தலில் 500 இடங்களில் 370-க்கும் மேற்பட்டவை அவருக்குக் கிடைத்தன. நான்காண்டுப் பதவிக்காலத்தை முழுமையாக முடித்த முதல் தேர்ந்தெடுக்கப்பட்ட பிரதமர் அவர்தான்.

கேள்வி (ஜெயநகர், வங்கி ஊழியர்): ஐயா, அவர் குடும்பம் தன் நிறுவனத்தை விற்றதுதான் போராட்டத்துக்குக் காரணம் என்று படித்தேன். சொந்தப் பங்கை விற்பது எப்படிக் குற்றமாகும்?

பதில்: இது என் தொழிலைத் தொடும் கேள்வி, சற்று நீளமாகச் சொல்ல அனுமதியுங்கள்.

2006 ஜனவரி 23 அன்று தக்சினின் குடும்பத்தார், தங்கள் தொலைத்தொடர்பு நிறுவனமான ஷின் கார்ப்பரேஷனில் தங்களிடமிருந்த 49.6 விழுக்காட்டுப் பங்குகளை ஏறத்தாழ 7,300 கோடி பாட்டுக்கு விற்றார்கள். வாங்கியது சிங்கப்பூர் அரசின் முதலீட்டு நிறுவனமான தெமாசெக்கின் தலைமையிலான குழு. பங்குச் சந்தையில் தனிநபர் ஈட்டும் ஆதாயத்துக்குத் தாய்லாந்தில் வரி கிடையாது என்பதால், இவ்வளவு பெரிய தொகைக்கு அவர்கள் வரியே கட்டவில்லை. இதுவரை சட்டத்தில் பிழையில்லை. இங்கேயும் 2004 அக்டோபர் முதல் 2018 மார்ச் வரை, பட்டியலிடப்பட்ட பங்குகளை ஓராண்டுக்கு மேல் வைத்திருந்து விற்றவர்களுக்கு இதே சலுகை இருந்தது. நம் வட்டத்திலேயே அதை அனுபவித்தவர்கள் இருக்கிறார்கள், நானும் ஒருவன்.

உறுத்திய செய்திகள் வேறு. தொலைத்தொடர்பு நிறுவனங்களில் அயல்நாட்டார் வைத்திருக்கக்கூடிய பங்கின் வரம்பை 25-இலிருந்து 49 விழுக்காடாக உயர்த்திய சட்டத் திருத்தம், விற்பனைக்குச் சில நாட்கள் முன்புதான் நடைமுறைக்கு வந்தது. அடுத்து, பிரிட்டிஷ் வெர்ஜின் தீவுகளில் தக்சின் பதிவு செய்த ஆம்பிள் ரிச் என்ற நிறுவனம், தன்னிடமிருந்த சுமார் 33 கோடி ஷின் பங்குகளை, பங்கு ஒன்று ஒரு பாட் என்ற விலையில் தக்சினின் மகனுக்கும் மகளுக்கும் கொடுத்தது. அதே பங்குகளை அவர்கள் ஒரு வாரம்கூடக் கழியாமல் 49.25 பாட்டுக்கு விற்றார்கள். இடையிலிருக்கும் 48.25 பாட் வருமானமா, அன்பளிப்பா, பங்குச் சந்தை ஆதாயமா? எந்தத் தணிக்கையாளரும் பேனாவைக் கீழே வைத்துவிட்டு யோசிக்கும் இடம் அது. சட்டத்தை மீறுவது ஒரு வகை. சட்டத்தையே தன் அளவுக்குத் தைத்துக்கொள்வது இன்னொரு வகை. இரண்டாவதை நீதிமன்றத்தில் மெய்ப்பிப்பது கடினம், ஆனால் வீட்டிலிருக்கும் எவருக்கும் அது புரிந்துவிடும்.

காலமும் பொருந்திவிட்டது. தாய்லாந்தில் தனிநபர் வருமான வரிக் கணக்கை மார்ச் இறுதிக்குள் கொடுக்க வேண்டும். பிப்ரவரி மாதத்தில் எங்கள் அலுவலகக் கணக்குப் பிரிவுப் பெண் ஒருவர், சம்பளத்தில் பிடித்தம் செய்த வரிச் சான்றிதழை மேசைமேல் வைத்து, பக்கத்தில் அன்றைய நாளிதழை விரித்து, இரண்டையும் மாறிமாறிப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒன்றும் பேசவில்லை. மாலையில் தன் தங்கையுடன் கூட்டத்துக்குப் போய்விட்டார்.

கேள்வி (மல்லேஸ்வரம், ஓய்வுபெற்ற ஆசிரியை): கூட்டம் எப்படி இருந்தது? வந்தவர்கள் யார்? நீங்கள் கண்ணால் பார்த்ததைச் சொல்லுங்கள்.

பதில்: தொடக்கம் ஒரு தொலைக்காட்சி நிகழ்ச்சி, அம்மா. பத்திரிகை முதலாளியான சோந்தி லிம்தோங்குல் தக்சினை விமர்சித்து நடத்திய வாராந்திர நிகழ்ச்சி 2005 செப்டம்பரில் நிறுத்தப்பட்டது. அவர் அதை லும்பினி பூங்காவுக்குக் கொண்டுவந்து திறந்தவெளியில் நடத்தத் தொடங்கினார். அவரும் ஒரு காலத்தில் தக்சினைப் புகழ்ந்தவர்தான் என்பதைக் கூட்டத்தில் எவரும் பொருட்படுத்தியதாகத் தெரியவில்லை. பங்கு விற்பனைக்குப் பிறகு, எளிய வாழ்க்கைக்குப் பெயர்பெற்ற முன்னாள் பாங்காக் ஆளுநர் சம்லோங் ஸ்ரீமுவாங்கும் சேர்ந்துகொள்ள, 2006 பிப்ரவரியில், மஞ்சள் சட்டைக்காரர்கள் என்று பெயர்பெற்ற மக்கள் கூட்டணி என்ற அமைப்பு உருவாயிற்று.

எங்கள் அலுவலகம் சீலோம் சாலையில், நம்மவர்கள் பத்தொன்பதாம் நூற்றாண்டில் எழுப்பிய மாரியம்மன் கோயிலிலிருந்து நடக்கும் தொலைவில் இருந்தது. வேலை முடிந்து, கழுத்தில் அடையாள அட்டையைக்கூடக் கழற்றாமல், பாயும் தண்ணீர்க் குப்பியும் எடுத்துக்கொண்டு மக்கள் போவதைச் சன்னலிலிருந்து பார்ப்பேன். கடைக்காரர்கள், செவிலியர்கள், அரசு நிறுவனத் தொழிற்சங்கத்தினர், பேராசிரியர்கள், வயதான தம்பதியர் எனப் பலவகையினரும் வந்தார்கள். மஞ்சள் நிறம் மன்னர் பூமிபோல் பிறந்த திங்கட்கிழமைக்குரியது. அந்த ஆண்டு அவர் அரியணையேறிய அறுபதாம் ஆண்டு என்பதால், போராட்டத்தில் சேராதவர்களும் திங்கள்தோறும் மஞ்சள் சட்டை அணிந்தார்கள். நானும் அணிந்தேன்.

2008-இல் இரண்டாம் சுற்றுப் போராட்டத்தில் ஒரு புதுப்பொருள் வந்தது: பிளாஸ்டிக் கை. பிடியோடு கூடிய உள்ளங்கை வடிவம். ஆட்டினால் படபடவென்று கைதட்டும் ஓசை எழும். பத்தாயிரம் பேர் ஒரே நேரத்தில் ஆட்டினால் தகரக் கூரையில் ஆலங்கட்டி மழை பெய்வதைப் போலிருக்கும். தக்சின் ஆதரவாளர்களான சிவப்புச் சட்டைக்காரர்கள் இதற்குப் பதிலாகப் பிளாஸ்டிக் பாதத்தைக் கொண்டுவந்தார்கள். பாதம் உடலில் மிகத் தாழ்ந்த உறுப்பு என்பது அவர்கள் வழக்கம். எங்களைத் தாழ்ந்தவர் என்கிறீர்கள், சரி, இதோ பாதம் என்று சொன்னதாகவே நான் எடுத்துக்கொண்டேன். எங்கள் மேம்பால ரயில் நிலையப் படிக்கட்டருகே கை விற்ற அதே அம்மாள்தான் 2010-இல் பாதமும் விற்றார்.

கேள்வி (ஸ்ரீராம்புரம்): கிராமத்து ஏழைகள் காசு வாங்கிக்கொண்டு தக்சினுக்கு வாக்களித்தார்கள் என்று போராட்டக்காரர்கள் சொன்னது உண்மைதானே?

பதில்: காசு கைமாறியது உண்மை. அதனால்தான் அவர் வென்றார் என்பதை நான் நம்பவில்லை.

எங்கள் வீட்டில் வேலைக்கு வந்த அம்மையார் வடகிழக்கு இசான் பகுதியைச் சேர்ந்தவர். அவருடைய தாயாருக்குக் கருப்பையில் கட்டி அகற்ற மாவட்ட மருத்துவமனையில் அறுவை சிகிச்சை நடந்தது. கட்டியது 30 பாட். தங்க அட்டை என்று மக்கள் அழைத்த அந்த மருத்துவ அட்டையை ஒரு பிளாஸ்டிக் உறையில் போட்டுச் சாமி படத்துக்குப் பின்னால் செருகி வைத்திருப்பதாகச் சொன்னார். தேர்தலுக்குப் பணம் தருவார்களா என்று கேட்டேன். எல்லாக் கட்சியும் தருகிறது, எல்லாவற்றையும் வாங்கிக்கொள்வோம், யாருக்குப் போட வேண்டும் என்பது எங்களுக்குத் தெரியும் என்றார். எல்லாக் கட்சியும் பணம் தருமானால், ஒரு கட்சி மட்டும் வெல்வதற்குப் பணம் காரணமாக இருக்க முடியாது. கணக்கில் இது எளிய கழித்தல்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். 2006 செப்டம்பரில் தக்சினைக் கவிழ்த்த இராணுவம் அமர்த்திய அரசு, மருத்துவத் திட்டத்தை நிறுத்தவில்லை. அந்த 30 பாட்டையும் தள்ளுபடி செய்து முற்றிலும் இலவசமாக்கியது. ஏமாற்றுத் திட்டம் என்று மேடையில் திட்டிய திட்டத்தைக் கைவைக்க எவருக்கும் துணிவில்லை.

கேள்வி (ஒயிட்ஃபீல்ட்): சார், நீங்கள் தக்சினை நல்லவராகக் காட்டுவது போல் தோன்றுகிறதே?

பதில்: அப்படித் தோன்றினால் என் எழுத்தின் குறை. 2003-இல் அவர் அறிவித்த போதைப்பொருள் எதிர்ப்புப் போரில் மூன்றே மாதங்களில் 2,500-க்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்டார்கள். பலர் எந்த வழக்கும் விசாரணையும் இன்றி. 2004 அக்டோபரில் தெற்கே தக் பாயில் கைது செய்யப்பட்ட முஸ்லிம் இளைஞர்களைக் கைகளைப் பின்னால் கட்டி இராணுவ லாரிகளில் ஒருவர்மேல் ஒருவராக அடுக்கிக் கொண்டுபோனதில் 78 பேர் மூச்சுத் திணறி இறந்தார்கள்.

இவற்றுக்காக பாங்காக்கின் நடுத்தர வர்க்கம் தெருவுக்கு வரவில்லை. போதைப்பொருள் போரை அலுவலகத்தில் பலர் பாராட்டிப் பேசியதை நான் கேட்டிருக்கிறேன். ஊழல் குற்றச்சாட்டும் புதிதன்று. தன் பங்குகளை வீட்டுப் பணிப்பெண், ஓட்டுநர் பெயர்களில் எழுதி வைத்து மறைத்தார் என்ற வழக்கில், 2001-இல் அரசியல் சாசன நீதிமன்றம் 8-க்கு 7 என்ற வாக்குக் கணக்கில் அவரை விடுவித்தபோது, நாட்டுக்கு ஒரு திறமையான நிர்வாகி வேண்டும் என்று சொல்லி மகிழ்ந்தவர்களும் இவர்களே. வரிக் கணக்கு வந்தபோதுதான் கோபம் வந்தது.

கேள்வி (கோரமங்களா, மாணவி): சமையல் நிகழ்ச்சி நடத்தியதற்காக ஒரு பிரதமர் பதவி இழந்தாராமே?

பதில்: ஆம். 2007 இறுதித் தேர்தலில் வென்ற தக்சின் ஆதரவுக் கட்சியின் பிரதமர் சமாக் சுந்தரவேஜ், தொலைக்காட்சிச் சமையல் நிகழ்ச்சிக்கு ஊதியம் பெற்றது அரசியல் சாசனத்துக்கு முரண் என்று 2008 செப்டம்பரில் தீர்ப்பாயிற்று. அந்தத் தீர்ப்பை எதிரணி நண்பர்கள்கூடச் சற்று வெட்கத்தோடுதான் கொண்டாடினார்கள்.

கேள்வி (பனசங்கரி): விமான நிலையத்தைக் கைப்பற்றியது போராட்டத்தின் வெற்றியா?

பதில்: 2008 நவம்பர் 25 அன்று பாங்காக்கின் சுவர்ணபூமி விமான நிலையத்துக்குள் புகுந்தார்கள், ஒரு வாரத்துக்கு மேல் அது முடங்கியது. மறுநாள் மும்பை தாக்கப்பட்டது. ஊருக்குத் திரும்ப வழியில்லாமல் விடுதி அறைகளில் தொலைக்காட்சி முன் உட்கார்ந்திருந்த இந்தியர்களை நான் மறக்கவில்லை. டிசம்பர் 2 அன்று ஆளுங்கட்சியை நீதிமன்றம் கலைத்தது, கூட்டம் கலைந்தது. வெற்றி என்று சொல்லிக்கொண்டு போனார்கள். மஞ்சள் சட்டைமீது சிறு வணிகர்களுக்கிருந்த பற்று அந்த வாரத்தில்தான் விட்டுப்போயிற்று என்பது என் கணிப்பு.

கேள்வி (ஆர்.டி. நகர், வழக்கறிஞர்): குற்றச்சாட்டு உண்மை, நீதிமன்றம் தயங்குகிறது, தேர்தலில் அவரே மீண்டும் வெல்கிறார். இந்நிலையில் நேர்மையான குடிமகன் தெருவுக்கு வராமல் என்ன செய்வான்?

பதில்: தெருவுக்கு வந்ததில் தவறு இல்லை. தெருவில் நின்று எதைக் கேட்டார்கள் என்பதில்தான் எனக்கு வழக்கு.

போராட்டம் முற்றியதும் தக்சின் 2006 பிப்ரவரி 24 அன்று நாடாளுமன்றத்தைக் கலைத்து, ஏப்ரல் 2 அன்று தேர்தல் என்று அறிவித்தார். எதிர்க்கட்சிகள் புறக்கணித்தன. ஆனால் தாய்லாந்து வாக்குச்சீட்டில் எவருக்கும் வாக்கில்லை என்ற கட்டம் அப்போதே உண்டு. நமக்கு நோட்டா வந்தது 2013-இல். ஒரு கோடியை நெருங்கும் மக்கள் அந்தக் கட்டத்தில் குறியிட்டார்கள். எங்கள் கணக்குப் பிரிவுப் பெண்ணும் குறியிட்டார். போட்டியே இல்லாத தேர்தலில் வென்ற பிரதமர், இரண்டு நாளில் பதவியிலிருந்து ஒதுங்குவதாக அறிவிக்க நேர்ந்தது. அந்தத் தேர்தலை நீதிமன்றம் மே மாதத்தில் செல்லாததாக்கியது. ஆகவே சீட்டால் ஒன்றும் ஆகாது என்று சொன்னவர்கள், சீட்டால் ஆனதை ஒரே மாதத்தில் கண்டார்கள்.

கண்டும் அவர்கள் வேறு வழியைத்தான் நாடினார்கள். அரசியல் சாசனத்தின் 7-ஆம் பிரிவைக் காட்டி, மன்னரே ஒரு பிரதமரை நியமிக்க வேண்டும் என்றார்கள். அது மக்களாட்சி ஆகாது என்று ஏப்ரல் 25 அன்று நீதிபதிகள் முன்னிலையில் மன்னரே மறுத்துவிட்டார். செப்டம்பர் 19 இரவு, தக்சின் நியூயார்க்கில் இருந்தபோது இராணுவம் ஆட்சியைப் பிடித்தது. டாங்குகளுக்கு மஞ்சள் நாடா கட்டியிருந்தார்கள், மக்கள் பூக்கொத்து கொடுத்துப் படம் எடுத்துக்கொண்டார்கள். 2007 இறுதியில் தேர்தல் வந்தபோது தக்சின் தரப்பே வென்றது. அடுத்த ஆண்டு அதே மேடையில் புதிய அரசியல் என்ற பெயரில் ஒரு யோசனை வைத்தார்கள்: நாடாளுமன்றத்தில் 70 விழுக்காட்டினரை நியமிப்பது, 30 விழுக்காட்டினரை மட்டும் தேர்ந்தெடுப்பது. பிரதமர் களவாடினார் என்று தொடங்கிய வாதம், அவருக்கு வாக்களித்தவனுக்கு வாக்கு எதற்கு என்ற இடத்தில் வந்து நின்றது. என் வீட்டுக்கு வேலைக்கு வந்த அம்மையார் தொலைக்காட்சியில் அதைக் கேட்டுவிட்டு, பாத்திரத்தைக் கழுவியபடியே, 70 எங்களுக்கு இல்லையா என்று மட்டும் கேட்டார்.

2013 நவம்பரில், தக்சினின் தங்கை இங்லக்கின் அரசு, அண்ணன் நாடு திரும்ப வழிசெய்யும் பொதுமன்னிப்பு மசோதாவை விடியற்காலை அமர்வில் நிறைவேற்றியபோது, கோபத்துக்கு மீண்டும் நியாயமான காரணம் கிடைத்தது. மேலவை அதை நிராகரித்ததும் கூட்டம் வீட்டுக்குப் போயிருக்கலாம். மாறாக, விசில் ஊதி ஊரை முடக்கி, 2014 பிப்ரவரி 2 தேர்தலில் வாக்குச்சாவடிகளை மறித்தார்கள். எங்கள் கணக்குப் பிரிவுப் பெண், மீண்டும் எவருக்கும் வாக்கில்லை என்று குறியிடப் போனவர், தன் பக்கத்துக்காரர்களாலேயே திருப்பி அனுப்பப்பட்டார். மே 22 அன்று பிரயுத் சான்-ஓச்சாவின் இராணுவம் வந்தது. அடுத்த தேர்தல் 2019-இல்தான்.

கேள்வி (ஃபிரேசர் டவுன்): வேறெங்காவது இப்படி நடந்ததுண்டா?

பதில்: பிலிப்பைன்ஸில், தாய்லாந்துக்கும் முன்பே. திரைப்பட நடிகராக இருந்து ஏழைகளின் வாக்கால் 1998-இல் அதிபரான ஜோசப் எஸ்திராதா, சட்டவிரோதச் சூதாட்டப் பணத்தில் பங்கு பெற்றார் என்று குற்றம் சாட்டப்பட்டார். 2001 ஜனவரியில், அவரைப் பதவி நீக்குவதற்கான விசாரணையில், மேலவை உறுப்பினர்கள் வங்கிச் சான்றுகள் அடங்கிய உறையைத் திறப்பதில்லை என்று 11-க்கு 10 வாக்கில் முடிவு செய்த இரவே, கைப்பேசிக் குறுஞ்செய்தி வழியாக மணிலாவின் எட்சா சாலை நிரம்பியது. நான்கே நாளில் அவர் மாளிகையை விட்டு வெளியேறினார். உலகம் இதைப் பாராட்டியது. ஏப்ரலில் அவர் கைதானதும் அதே சாலையில் மணிலாவின் ஏழைகள் திரண்டு, மே 1 அன்று அதிபர் மாளிகைக்கு ஊர்வலமாகப் போனதைக் கும்பலின் வெறியாட்டம் என்றார்கள். ஒரே சாலை, நான்கு மாத இடைவெளி. 2007-இல் தண்டனையும் மன்னிப்பும் பெற்ற எஸ்திராதாவை 2013-இல் மணிலா மக்கள் மேயராகத் தேர்ந்தெடுத்தார்கள்.

கேள்வி (ராஜாஜி நகர்): நம் ஊர் ஃபிரீடம் பார்க்கில் 2011-இல் அண்ணா ஹசாரேவுக்காகக் கூடியவர்களும் இதே வர்க்கம்தானே? பரப்பன அக்ரஹாரா தீர்ப்பையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

பதில்: வர்க்கம் ஒன்றுதான், மெழுகுவத்தியும் தொப்பியும் மாறியிருந்தன. ஆனால் இங்கு கேட்டது லோக்பால் என்ற ஒரு சட்டம். அந்தச் சட்டம் 2013 டிசம்பரில் நாடாளுமன்றத்தில் நிறைவேறியது. போராடியவர்களில் ஒரு பிரிவினர் கட்சி தொடங்கித் தேர்தலில் நின்றார்கள். அவர்களைப் பற்றி உங்களுக்கு எந்தக் கருத்து இருந்தாலும், வாக்குக் கேட்டு வந்தார்கள் என்பதை மறுக்க முடியாது.

பரப்பன அக்ரஹாரா கதை நேர்மாறானது. சொத்துக் குவிப்பு வழக்கு, 2003-இல் சென்னையிலிருந்து பெங்களூருக்கு மாற்றப்பட்டு, 2014 செப்டம்பர் 27 அன்று ஜெயலலிதாவுக்கு நான்காண்டுச் சிறையும் 100 கோடி ரூபாய் அபராதமும் விதிக்கப்பட்டன. தெருவுக்கு வந்தவர்கள் அவரை எதிர்த்தவர்கள் அல்லர், அவருக்காக அழுதவர்கள். 2015 மே மாதத்தில் கர்நாடக உயர் நீதிமன்றம் விடுவித்தது, 2016-இல் தேர்தலில் வென்றார், அவர் மறைந்தபின் 2017 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் விசாரணை நீதிமன்றத்தின் முடிவே சரி என்றது. அநியாயத்துக்கு நீண்ட வழி. ஆனால் வாக்களித்தவரை எவரும் வாக்கற்றவராக்கக் கேட்கவில்லை. வாக்கு ஒரு பக்கமும் வழக்கு ஒரு பக்கமுமாகத் தத்தம் தடத்தில் போயின. இந்த இரண்டு தடத்தையும் ஒன்றாக்கியதுதான் பாங்காக்கில் நேர்ந்த தவறு என்று நான் கருதுகிறேன்.

கேள்வி (கே.ஆர். புரம்): தக்சின் கடைசியில் என்ன ஆனார்?

பதில்: 2008-இல் அவர் இல்லாமலே ஒரு நில வழக்கில் இரண்டாண்டுத் தண்டனை. முடக்கப்பட்டிருந்த அவருடைய 7,600 கோடி பாட்டில் 4,600 கோடி 2010-இல் பறிமுதல். பதினைந்து ஆண்டுகள் வெளிநாட்டில் இருந்தார். 2023 தேர்தலில் பாங்காக்கின் 33 தொகுதிகளில் 32-ஐ இளைஞர்களின் புதிய கட்சி ஒன்று வென்றது. ஒரு காலத்தில் மஞ்சள் அணிந்த வீடுகளின் பிள்ளைகள்தாம் அதற்கு வாக்களித்தவர்களில் பலர். அந்தக் கட்சியை ஆட்சிக்கு வரவிடாமல், தக்சினின் கட்சியும் இராணுவச் சார்புக் கட்சிகளும் கைகோத்தன. அந்தக் கூட்டணியின் பிரதமர் தேர்வான ஆகஸ்ட் 22 அன்றே தக்சின் தனி விமானத்தில் வந்திறங்கினார். வேறு வழக்குகளில் விதிக்கப்பட்டிருந்த எட்டாண்டுத் தண்டனையை மன்னர் ஓராண்டாகக் குறைத்தார்; அதிலும் ஆறு மாதத்தை மருத்துவமனையில் கழித்துப் பரோலில் வெளிவந்தார். அந்நாட்களைச் சிறைவாசமாகக் கொள்ள முடியாது என்று உச்ச நீதிமன்றம் 2025 செப்டம்பரில் கூறி, அவரைச் சிறைக்கு அனுப்பியது.

கேள்வி (ஹலசூர், கல்லூரி மாணவர்): நீங்கள் கூட்டத்துக்குப் போனீர்களா ஐயா?

பதில்: பணி அனுமதிச் சீட்டில் இருக்கும் அயல்நாட்டவன் அரசியல் கூட்டத்தில் உட்காரக் கூடாது, தம்பி. ஓரமாக நின்று பார்த்திருக்கிறேன். 2008-இல் அந்த ரயில் நிலையப் படிக்கட்டில் ஒரு பிளாஸ்டிக் கையை நினைவுக்காக வாங்கினேன். அது இன்னும் வீட்டில் இருக்கிறது, அடுத்த மாதம் எடுத்து வருகிறேன். 2010-இல் அதே அம்மாள் பாதத்தை நீட்டியபோது, காலைப் போய்க் காசு கொடுத்து வாங்குவதா என்று சிரித்துவிட்டு வந்துவிட்டேன். உடனிருந்த என் மனைவி சிரிக்கவில்லை.